செம்பருத்தி நுனியில் வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சிதான்

செம்பருத்தியின் நுனிக்குருத்து சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறது, வேப்பெண்ணெய் இரண்டு முறை அடித்தும் திரும்ப வருகிறது என்கிறீர்கள். பூஞ்சையோ என்ற சந்தேகம் வேண்டாம். ஒரு துணுக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுவென்று சாறு ஒட்டினால் மாவுப்பூச்சி. சாம்பல் நோய் என்ற பூஞ்சை என்றால் வெறும் பொடிதான் வரும்.

எறும்பு ஏறுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயமே இருக்கிறது. பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் காவல் நின்று, அந்தப் பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டுகின்றன. முதலில் எறும்பை நிறுத்துங்கள். தண்ணீர்த் தட்டின் நடுவே கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வையுங்கள். கிளைகள் சுவரைத் தொடக்கூடாது.

அப்புறம், சுருண்ட நுனிகளைத் தயங்காமல் வெட்டி, பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள். மருந்து அந்தச் சுருளுக்குள் போகவே போகாது. மிச்சத்தை வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவிவிட்டு, 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு கலந்து, மாலையில், இலையின் அடிப்புறமும் கணுக்களும் நனையும்படி தெளியுங்கள். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. நானும் ஆரம்பத்தில் சோப்பு சேர்க்காமல்தான் எண்ணெயை வீணடித்தேன். பஞ்சுப்பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும், மருந்து அதற்குள் எளிதில் இறங்காது. அதனால் 7 நாளுக்கு ஒரு முறை, நான்கு தடவையாவது.

இன்னொன்று: அதே வெள்ளை இழைகளோடு, ஆனால் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்வது கண்ணில் பட்டால் கொல்லாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு.