கரண்ட் வைக்கும்போது மஞ்சள், துளசி, நெல்லி கொடுத்தால் நல்ல செல்கள் தப்புமா?

கேட்டவர் கும்பகோணத்துக்காரர். அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய், அடுத்த வாரம் தஞ்சாவூரில் 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, தொடங்குகிறது. மஞ்சள் கேப்ஸ்யூல், துளசிச் சாறு, நெல்லிச் சாறு கொடுக்கலாமா என்கிறார். சமையலில் விழுகிற மஞ்சள் இருக்கட்டும். கேப்ஸ்யூலும் சாறும் சிகிச்சை முடியும்வரை வேண்டாம்.

கதிர் செல்லுக்குள் போனதும் பெரும்பாலும் தண்ணீரைத்தான் உடைக்கிறது. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதையும் உடனே தாக்கும் துகள்தான் டிஎன்ஏ சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம். அதன் ஆயுள் ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டருக்குள் எதையாவது தாக்கி முடிந்துவிடும். அதை மடக்கும் பொருள் கதிர் விழும் கணத்திலேயே, டிஎன்ஏவை ஒட்டி, தாராளமாக இருக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு குடிக்கும் சாறு இதற்கு எட்டாது.

துளசியில் உள்ள ஓரியன்டின், விசெனின் என்ற சத்துகள் இரண்டும் எலிகளைக் காத்தது உண்மைதான். மணிப்பாலில் செய்த ஆய்வு அது. ஆனால் கதிருக்கு முன்பே ஊசியாகப் போட்டார்கள். மஞ்சளின் குர்குமின் குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்துக்கு வருவது மிகக் குறைவு. மிளகுச் சத்து சேர்த்த கேப்ஸ்யூல் அதைக் கூட்டும். கூடவே மற்ற மருந்துகளின் அளவையும் மாற்றக்கூடும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ராடிக்கலை மடக்கும் இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சத்துக்கு நல்ல செல் எது, கட்டி எது என்று தெரியாது என்பதுதான். 2005இல் வெளியான கனடா ஆய்வில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ 400 யூனிட்டும், தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் கொடுத்தார்கள். வாய்ப்புண் போன்ற தொல்லைகள் குறைந்தன. ஆனால் அதே இடத்தில் நோய் திரும்புவது கூடும் போக்கும் தெரிந்தது. புண் ஆறும், கட்டியும் பிழைக்கும் என்றால் யாருக்கு லாபம்?

கும்பகோணம் வெற்றிலையிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் உண்டு, ஹைட்ராக்ஸிசாவிகால் என்று பெயர். அதைக் காரணம் காட்டி தாம்பூலத்தைத் தொடரவிடாதீர்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள், புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். இன்றே நிறுத்துங்கள்.

வாயைக் காப்பது தினசரிக் கொப்பளிப்பு. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போடக்கூடாது. விழித்திருக்கும்போது 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பட்டும். மறுநாள் புதிதாகக் கலக்குங்கள். நெல்லி, எலுமிச்சை, காரக்குழம்பு புண்ணில் எரியும். குழைந்த தயிர்சாதம், பாசிப்பருப்புக் கஞ்சி, அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வெந்த முட்டை, மோர் போதும். கதிருக்கு முன் கழுத்தில் மஞ்சளோ எண்ணெயோ கெட்டியாகப் பூசக்கூடாது. தோலின் மேல்பரப்பில் கதிரின் அளவு கூடிவிடும்.

வழக்கமாக 30 முதல் 35 நாள், வாரம் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு). பஸ் கிடைக்கவில்லை, மழை, தீபாவளி என்று ஒரு நாள் விட்டால் கட்டி வளர இடைவெளி கிடைக்கும். விட்டுப்போனால் அன்றே போன் செய்து ஈடுகட்டும் நாளைக் கேளுங்கள். பல் டாக்டர் பார்த்துவிட்டாரா? பிடுங்க வேண்டிய பல் இருந்தால், தொடங்கும் முன்பே பிடுங்கி ஆற விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.