தம்பியின் சைகையை அக்காவே கோர்ட்டில் பெயர்த்துச் சொல்லலாமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ரப்பர் தோட்டத்து எல்லைத் தகராறில் அப்பாவை அடித்த வழக்கு குழித்துறை கோர்ட்டில் நடக்கிறது. நேரில் பார்த்தது காது கேளாத என் தம்பி மட்டும்தான், அவனுக்கு சம்மன் வந்துவிட்டது. அவன் சைகை எனக்குத்தான் முழுசாகப் புரியும். நானே கூட நின்று சொல்லலாமா, அதற்கென்று படித்த ஆள்தான் வேண்டுமா?

நீங்கள் சொல்ல வேண்டாம். திறமையில் குறை சொல்லவில்லை, நீங்கள் அடிபட்டவரின் மகள், அதுதான் சிக்கல். ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் காது கேளாத, பேச முடியாத பெண்ணின் சாட்சியத்தை அவருடைய அப்பாவே பெயர்த்துச் சொன்னார், அவருக்குச் சத்தியப் பிரமாணமும் செய்து வைக்கவில்லை. அந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானது அப்படியே நின்றது. பெயர்ப்பவர் சாட்சியின் சூழலைச் சேர்ந்தவராக இருக்கலாம், ஆனால் வழக்கில் அவருக்கு ஒட்டுறவு இருக்கக் கூடாது.

சரி, படிப்பு? பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 125-ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தெரிவிக்க முடியாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் உதவி வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது. என்ன படித்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. போக்சோ விதிகள் 2020 மட்டும், குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த நிறுவனத்தில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. உங்கள் வழக்கிலும் அதையே அளவுகோலாக வைத்துக் கேளுங்கள். கவுன்சில் அங்கீகரித்த இந்திய சைகை மொழிபெயர்ப்புப் பட்டயம் 2 வருடப் படிப்பு. நமக்கு சென்னையைவிட திருவனந்தபுரம் பக்கம், அங்கே ஆக்குளத்தில் இருக்கும் நிஷ் (தேசிய பேச்சு, செவித்திறன் நிறுவனம்) என்ற இடத்தில் இந்தப் படிப்பு உண்டு.

ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. சைகை மொழியில் 'அடித்தான்' என்று காட்டும்போது கை முஷ்டியாகவோ கம்பு பிடித்தது போலவோ ஏதோ ஒரு வடிவம் எடுத்தே தீரும். வக்கீல் "அடித்தாரா?" என்று பொதுவாகக் கேட்டதை, பெயர்ப்பவர் அறியாமலே "கம்பால் அடித்தாரா?" என்று காட்டிவிட்டால் சாட்சிக்குப் பதிலை எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடும், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, காது கேளாதவர்கள் பலர் 'நீ சொல்வது தெரிகிறது' என்பதற்கும் தலையாட்டுவார்கள், அது பதிவில் 'ஆம்' என்று ஏறிவிடக் கூடாது. கோர்ட்டில் பழகிய ஆள் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்பார்.

தம்பி படித்த பள்ளி டீச்சரைக் கூப்பிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் உதட்டசைவையும் பேச்சையுமே வலியுறுத்தும் பள்ளிகள் நிறைய இருப்பதால், சிறப்புக் கல்வி பி.எட். முடித்த டீச்சருக்கும் சரளமாக சைகை வராமல் போகலாம். தம்பிக்கு வீட்டுச் சைகை மட்டும்தான் தெரியும் என்றால் பட்டயம் படித்தவரும் திணறுவார். அப்போது அவரோடு காது கேளாத இன்னொருவரையும் இடையில் அமர்த்தச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுச் சைகையை அவர்கள் பிடிக்கிற வேகம் தனி. தம்பி நன்றாக எழுதுவான் என்றால் இத்தனை பாடே வேண்டாம், எழுத்தில் சொல்வதையே மேலே சொன்ன தர்ஷன் சிங் தீர்ப்பு விரும்பத்தக்கது என்கிறது.

இப்போதே அரசு உதவி வழக்கறிஞரைப் பார்த்து, விசாரணைத் தேதிக்கு முன்பே மனு போடச் சொல்லுங்கள். தம்பி எங்கே படித்தான், கேரளத்திலா தமிழ்நாட்டிலா, தமிழ் எழுத்து எவ்வளவு வரும், எல்லாம் மனுவில் இருக்கட்டும். பெயர்ப்பவரும் தம்பியும் வழக்கைத் தொடாமல் கொஞ்ச நேரம் பேசிப் பார்க்க அனுமதியும் கேளுங்கள். தனியாக வக்கீல் உதவி வேண்டுமென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். தம்பிக்கும் பெயர்ப்பவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் சாட்சியம் பதிய ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், பாதியில் சொன்னால் எதிர்த்தரப்பு வேறு விதமாகப் பேசும்.