சதுப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம்: டீசலா, இரும்பா?

கேள்வி: உதகை அருகே அரை ஏக்கரில் ஸ்ட்ராபெரி போட்டிருக்கிறேன். கீழே உள்ள சதுப்பில் குழி எடுத்துத் தண்ணீர் இறைக்கிறேன். தண்ணீர் தேயிலைச் சாறுபோல் இருக்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. தொட்டியில் ஓர் இரவு நின்றால் செந்நிறக் கசடு படிகிறது. சொட்டுநீர்க் குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. யாரோ டீசல் கலந்துவிட்டதாகப் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். பாய்ச்சலாமா?

பதில்: அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். டீசலாக இருந்தால் கலைந்த இடம் உடனே மீண்டும் ஒன்றுசேரும். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியே மிதந்தால் அது இரும்பும், அதை உண்டு வாழும் பாக்டீரியாவும் சேர்ந்து உண்டாக்கிய படலம். நீங்கள் சொல்லும் செங்கசடை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் என்பேன்.

நீலகிரிச் சதுப்புகளில் மட்காத செடிகொடிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சில இடங்களில் அவை 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அவற்றிலிருந்து கரையும் கரிம அமிலங்களே தேயிலை நிறத்துக்கும் புளிப்புக்கும் காரணம். மழைநீரே ஊறி வருவதால் உப்பு குறைவு. முத்துப்பேட்டை போன்ற கடலோரச் சதுப்புகளின் உவர்ப்பு இங்கே இல்லை. ஆனால் அடியில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத நீரில் மண்ணிலுள்ள இரும்பு நிறமின்றிக் கரைந்து நிற்கும், காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். அந்தத் துருதான் உங்கள் குழாயை அடைக்கிறது.

செடிக்கு இந்த நீரால் பெரிய கெடுதல் இல்லை, சிக்கல் குழாய்க்குத்தான். சொட்டுநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினாலே அடைப்பு தொடங்கலாம், 1.5-ஐத் தாண்டினால் கடுமையாகும். எனவே நீரைப் படிக்கட்டுபோல் விழவைத்துத் தொட்டியில் சேருங்கள். புளிப்பான நீரில் துரு மெதுவாகவே பிரியும் என்பதால் ஓர் இரவாவது நிற்கட்டும். பிறகு மேல்நீரை மட்டும் மணல் வடிகட்டி வழியாக விடுங்கள். ஏற்கெனவே அடைத்த குழாய்க்கு அமிலக் கழுவல் தேவைப்படும். அந்த அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

பரிசோதனைக்கு நீர் எடுக்கும்போது பாட்டிலைக் காற்றுப் புகாமல் விளிம்புவரை நிரப்பி அன்றே கொடுங்கள். இரும்பு, கார அமில நிலை (புளிப்பின் அளவு), மின்கடத்துத் திறன் (உப்பின் அளவைக் காட்டுவது) மூன்றையும் கேளுங்கள். பாட்டிலின் அடியில் படிந்த கசடையும் கரைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரும்பு குறைவாகவே காட்டும்.

புளிப்பைப் போக்கத் தண்ணீரில் சுண்ணாம்பு கொட்ட வேண்டாம். தேவையானால் மண்ணைப் பரிசோதித்து டோலமைட்டை (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) பாத்தியில் இடுங்கள். குழியையும் இனி ஆழப்படுத்தாதீர்கள். ஆழத்தில் ஆக்சிஜன் இன்னும் குறைவு, அங்கே இரும்பு கூடலாம்.