பழைய சிபியுவில் விண்டோஸோடு லினக்ஸும்: வாசகர் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, விண்டோஸோடு லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ்-ஐயும் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இரண்டாவதாகப் போடுவது பற்றித்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புதுவயல் அரிசி ஆலை அலுவலகத்திலிருந்து: "2014-இல் வாங்கிய ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். டேலி இதில்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். லினக்ஸும் போட்டு வைக்கலாமா?"

தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்கள் மெஷினில் இரண்டும் இல்லை. ஆனால் டேலி இருக்கும் டிஸ்க்கைப் பிரித்து லினக்ஸுக்கு இடம் எடுக்காதீர்கள். டெஸ்க்டாப்பில் நமக்கு இருக்கும் பெரிய வசதியே, உள்ளே இன்னொரு டிஸ்க் மாட்ட இடம் இருப்பதுதான். 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றும், ஒரு சாட்டா டேட்டா கேபிளும் வாங்குங்கள். பவருக்கு எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் பெட்டியிலிருந்து வரும் வயரில் சும்மா தொங்கும் சாட்டா முனை ஒன்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதற்கான மாற்றுக் கேபிள் கடையில் கிடைக்கும்.

அப்புறம் முக்கியமான வேலை. மெஷினை அணைத்து, மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டு, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். புது எஸ்.எஸ்.டி. மட்டும் இருக்கும் நிலையில் பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள். முடிந்ததும் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டுங்கள். மெஷின் கிளம்பும்போது எஃப்12 (சில போர்டுகளில் எஃப்8 அல்லது எஃப்11) அழுத்தினால், எதிலிருந்து எழுவது என்று கேட்கும். இரண்டு ஓ.எஸ்-க்கும் தனித்தனி பூட்லோடர் (ஓ.எஸ்-ஐ எழுப்பும் சிறு நிரல்) என்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது எழும். கணக்கு விண்டோஸில் இருக்கட்டும். நெட் பார்ப்பது, மெயில், பேங்க் வேலை எல்லாம் மின்ட்டுக்குப் போகட்டும். அப்டேட் நின்றுபோன ஓ.எஸ்-ஐ இணையத்தில் எவ்வளவு குறைவாக விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: "கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், ஒரே ஒரு 320 ஜிபி டிஸ்க். பேரப்பிள்ளைகள் போட்டோ எல்லாம் அதில்தான். இன்னொரு டிஸ்க் வாங்க விருப்பமில்லை."

டீச்சர், முதலில் ஒரு வெளி டிஸ்க்கை யாரிடமாவது இரவல் வாங்கியாவது போட்டோக்களைக் காப்பி எடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியை, சுருக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு கல்யாணப் படம்கூடத் திரும்பவில்லை. அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்றது இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆகவே, யுபிஎஸ் நன்றாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸுக்குள் இருந்தே செய்வது நல்லது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து 40 ஜிபி எடுங்கள். நிறைய காலி இடம் இருந்தும் கொஞ்சம்தான் தருகிறது என்றால், நகராத சிஸ்டம் ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்னேஷனையும் (நடக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்து அணைவது) பேஜ் ஃபைலையும் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கில் பிரைமரி, அதாவது முதன்மை, பார்ட்டிஷன் நான்குதான் போட முடியும். கம்பெனி மெஷின்களில் ரெக்கவரி அது இது என்று நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். அப்போது புதிதாக ஒன்று உருவாக்கப் போனால், 'டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?' என்று விண்டோஸ் கேட்கும். சரி என்று சொல்லிவிடாதீர்கள். அங்கேயே நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

லினக்ஸ் ஏற்றும்போது 'எரேஸ் டிஸ்க்' (டிஸ்க் முழுவதையும் அழி) என்ற வரியைத் தொடவே கூடாது. 2 ஜிபி ரேமில் மின்ட் எழும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே திணறும். போர்டு ஏற்றுக்கொண்டால் ரேமை 4 ஜிபி ஆக்குங்கள். நான் முதலில் செலவழிக்கச் சொல்வது அதற்குத்தான்.

கானாடுகாத்தானிலிருந்து: "அப்பச்சி உபயோகித்த கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) இருக்கிறது. லினக்ஸ் போட்டதும் வைஃபை காணோம்."

ஆச்சி, இதில் இரண்டு காரணம் கலந்திருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் சில வைஃபை டாங்கிள்களுக்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) லினக்ஸோடு வராது. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். உடனே நெட் வரும். பிறகு டிரைவர் மேனேஜர் தேடி எடுத்துக்கொள்ளும். பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் டிரைவரில் குறை இல்லை. முகப்பில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் நம் வீட்டுச் சுவர்களைத் தாண்டி வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) கடந்து வருவது கஷ்டம். லேன் கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்புக்கு அதுதான் நிம்மதி.

பள்ளத்தூரிலிருந்து: "விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது."

பழுது இல்லை. போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும். தேதியே பல வருடம் பின்னால் போனால் அது வேறு கதை: சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

கண்டனூரிலிருந்து: "அப்பத்தா கல்யாணத்து முறைச்சிட்டையை (சீர்வரிசைப் பட்டியல்) பாமினியில் டைப் செய்து வைத்திருந்தேன். லினக்ஸில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது."

ஃபைல் பத்திரமாகத்தான் இருக்கிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்த பழைய எழுத்துரு. அது இல்லாத மெஷினில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' போல்டரிலிருந்து பாமினி ஃபைலை எடுத்து வந்து லினக்ஸில் நிறுவினால், லிப்ரே ஆஃபீஸில் தமிழாகவே தெரியும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு பிரதியைக் காகிதத்திலும் எடுத்து வையுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் சில இடங்களில் தடம் மாறும், எண்களும் சிதறலாம். வெள்ளிச் சாமான் எடையும் தொகையும் இருக்கும் சிட்டை அது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகச் சரிபாருங்கள்.