தக்காளி சாண்ட்விச்சில் பிரட் சொதசொதவென்று ஆகாமல் இருக்க என்ன செய்வது?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கவே முடியாது. அந்த நாட்களுக்கு இதைவிட நல்ல சிற்றுண்டி கிடையாது. பிரட் நனைந்துபோவதற்குக் காரணம் தக்காளிச் சாறுதான். அதை முதலிலேயே கொஞ்சம் வடித்துவிட வேண்டும்.

நன்றாகப் பழுத்து, விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்குகிற பழமாகப் பார்த்து எடுங்கள். நாட்டுத் தக்காளியில் சாறு அதிகம். ஆனாலும் அந்தப் புளிப்புக்காக எனக்கு அதுதான் பிடிக்கும். பழுத்ததை ஃப்ரிட்ஜில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், குளிரில் மணம் குன்றிவிடும். அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, 10 நிமிடம் வடிதட்டில் வையுங்கள். உப்பு நீரை இழுத்துவிடும், ருசியும் கூடும். வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ரசத்துக்கு ஆகும்.

பிரட்டை லேசாக வாட்டி, ஆறியதும் வெண்ணெயை ஓரம்வரை தடவுங்கள். கொழுப்பு ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. மயோனைஸ் வேண்டுமென்றால் முட்டையில்லாததாக வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. துணியில் கட்டி வடித்த தயிர் இன்னும் அருமை. அப்புறம் தக்காளி, மிளகுத்தூள், கொஞ்சம் வெங்காயம். அவ்வளவுதான், உடனே சாப்பிடுங்கள். டப்பாவில் கொண்டுபோவதானால் தக்காளியைத் தனியாக எடுத்துப்போய், சாப்பிடும்போது அடுக்கிக்கொள்ளுங்கள்.