கிழித்த பக்கங்கள்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. நன்றாக வரைவேன் என்று ஊரில் பெயர். கல்லூரிக்கு வந்தபிறகு ஒரு படத்தையும் முடிக்க முடியவில்லை. போன வாரம் மகாமகக் குளத்தை வாட்டர்கலரில் போட்டேன். மண்டபங்கள் நன்றாக வந்தன, வானத்தில் தண்ணீர் பட்டுப் பூ விழுந்துவிட்டது. ஸ்கெட்ச் புக்கில் சரியாக வராததையெல்லாம் கிழித்துவிடுவேன். இப்போது அட்டையும் சில பக்கங்களும்தான் மிச்சம். கல்லூரியில் எங்கள் சார் "எக்ஸ்பெரிமென்ட் பண்ணு, பயப்படாதே" என்கிறார். எப்படி என்று புரியவில்லை. நல்ல இம்போர்ட்டட் பேப்பர் வாங்கினால் சரியாகுமா? இல்லை, பேசாமல் அனிமேஷன் பக்கம் போய்விடலாமா?

க.

அன்புள்ள க.,

பேப்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். பருத்தியில் செய்த, கனமான 300 ஜிஎஸ்எம் தாள் அருமையானதுதான், தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஆனால் தாளைத் தொடும்போதே அதன் விலை ஞாபகம் வந்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? உங்கள் பயத்தில் பாதி பயமே அல்ல, சிக்கனம். ‘தைரியமாகத் தப்பு செய்’ என்று இன்ஸ்டாகிராமில் உபதேசம் செய்கிறவர்களுக்குத் தாள் வாங்க வேறு யாரோ பணம் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு நொந்துகொள்ள வேண்டாம்.

நான் நின்றுபோனது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில். கிழிக்கிறீர்களா? யார் சொல்லிக்கொடுத்தது?

யாரென்று எனக்குத் தெரியும். வேறு ஊரில், வேறு பெயரில், எனக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கள் டிராயிங் மாஸ்டர் அரசு தொழில்நுட்பத் தேர்வுக்கு எங்களைத் தயார் செய்தவர். ஃப்ரீஹேண்ட் லோயர், அதாவது ஸ்கேல் இல்லாமல் கையாலேயே வரைகிற தேர்வின் முதல் படி. நடுவில் ஒரு கோடு, இருபுறமும் ஜாடியின் வளைவு. முடித்ததும் தாளை நடுக்கோட்டில் மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இடது வளைவின்மேல் வலது வளைவு அப்படியே உட்கார்ந்தால் மார்க். ஒரு நூல் பிசகினால் தாள் இரண்டாகக் கிழிந்து கூடைக்குப் போகும். ரப்பரால் தேய்த்துத் தேய்த்து ஜாடியின் கழுத்தில் ஓட்டை விழுந்த தாள்களும் உண்டு. நல்ல மனிதர், தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பையன்களுக்கு அவரே கட்டினார். ஆனால் ஓவியம் என்றால் பிசகாத ஜாடி என்று எங்கள் மண்டையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

கோட்டுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கோட்டோவியங்களைப் பாருங்கள், அந்தக் கை சும்மா வந்ததல்ல. பழகாமல் கிறுக்கிவிட்டு எக்ஸ்பெரிமென்ட் என்று பெயர் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உங்கள் சார் சொல்வது வேறு. கெமிஸ்ட்ரி லேபில் கரைசல் நிறம் மாறாவிட்டால் ரெக்கார்டு நோட்டையா கிழிப்போம்? மாறவில்லை என்று எழுதிவைப்போம். வானத்தில் விழுந்த பூவுக்குக் காரணம் உண்டு. வாட்டர்கலர்காரர்கள் அதைக் காலிஃபிளவர் என்பார்கள். வாஷ், அதாவது தண்ணீராகப் பரப்பிய நிறம், பாதி காய்ந்து பளபளப்பு அடங்கும் நேரத்தில் அதைவிட ஈரமான பிரஷ்ஷை அங்கே வைத்திருக்கிறீர்கள். புதுத் தண்ணீர், இருந்த நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் பல்பல்லாக விட்டுவிட்டது. அவ்வளவுதான். பேப்பரைக் குறை சொல்லாதீர்கள், கைராசியையும் இழுக்காதீர்கள். அந்தப் பக்கம் இருந்திருந்தால் ஓரத்தில் ‘வாஷ் பாதி காய்ந்தது, பிரஷ்ஷில் தண்ணீர் அதிகம்’ என்று குறிக்கலாம். அடுத்த தாளில் வேண்டுமென்றே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம் விட்டு ஒவ்வொரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். எப்போது பூ விழும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், நாளைக்குக் குளத்தில் பாசி வேண்டும் என்கிறபோது அதையே விழவைக்கலாம். நீங்கள் என்ன செய்தீர்கள்? சோதனை நடந்தது, முடிவும் கிடைத்தது. இரண்டையும் கசக்கி எறிந்துவிட்டு, எக்ஸ்பெரிமென்ட் எப்படிச் செய்வது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

தாகூர், அடித்த வரியைக்கூடச் சும்மா விடமாட்டார். ‘பூரபி’ கவிதைகளின் 1924ஆம் ஆண்டுக் கைப்பிரதியில் அடித்தல்களை ஒன்றோடொன்று கோத்து ஏதேதோ உருவங்களாக்கி வைத்திருக்கிறார். அவருடைய ஓவியம் கிளம்பியது அங்கிருந்துதான். 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி நடந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அடித்தல் விழுந்த தாளைக் கிழித்துவிட்டு நல்ல காப்பி எழுதுகிறவராக அவர் இருந்திருந்தால்? கே.சி.எஸ். பணிக்கர் நமக்கு இன்னும் பக்கம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர், நிலக்காட்சிகளில் பெயர் வாங்கியவர். அந்தப் பெயரே போதும் என்று இருந்திருக்கலாம். 1963இல், ஐம்பது வயதுக்கு மேல், ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்குகிறார். ஒரு மாணவரின் நோட்டுப் பக்கம் இருந்த விதம் அதற்கு உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த மாணவர் உங்களைப்போல் இல்லாதது கலையுலகின் அதிர்ஷ்டம்.

சரி, இதைத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன். ஜெராக்ஸ் கடையில் ஒருபக்கம் அச்சான தாள்கள் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பட்டால் மேடுபள்ளமாகும், ஆகட்டும். கொஞ்ச நாளைக்கு இங்க்கும் பிரஷ்ஷும் போதும். ஸ்கெட்ச் புக் வாங்குவதானால் ஸ்பைரல் வேண்டாம், கிழிக்கத் தோதாகவே செய்தது அது. தையல் போட்ட நோட்டாக வாங்குங்கள். ஒரு தாளைக் கிழித்தால் தையலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் அதன் ஜோடியும் கழன்று கையோடு வரும். நன்றாக வந்த படம் ஒன்று அந்த ஜோடித் தாளில் இருக்கட்டும், அப்புறம் கிழியுங்கள் பார்க்கலாம்.

அனிமேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிடித்திருந்தால் போங்கள், இளப்பமான வேலை ஒன்றும் அல்ல. ஆனால் திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும். இந்தக் கிழிக்கிற கையோடு அங்கே போனால், உங்கள் கதாபாத்திரம் டம்ளரைத் தூக்கி வாயில் வைப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.