வலி மருந்து விஷயத்தில் நர்ஸின் வேலை, டாக்டர் எழுதியதைப் போடுவது மட்டும்தானா?

இல்லை. வலி மேலாண்மை என்றால் நோயாளியின் வலியைக் கேட்டு, அளந்து, ஆபத்தில்லாமல் குறைப்பது. மருந்தை எழுதுவது டாக்டர். கட்டில் பக்கத்தில் நிற்பது நர்ஸ்.

பாம்பனில் காலில் திருக்கை மீனின் முள் குத்தி வரும் மீனவரிடம், "வலி பத்துக்கு எத்தனைண்ணே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பார். கையோ கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். அந்தக் கையையும் பார்க்க வேண்டும். இந்த வலிக்குத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தாலே பெரும்பாலும் குறையும். (சூட்டை நர்ஸ் தன் கையால் பார்க்க வேண்டும், வலியில் இருப்பவருக்குத் தோல் வெந்து கொப்புளம் வருவது தெரியாது.)

மார்ஃபின் என்ற கடுமையான வலி மருந்து, வலியோடு மூச்சையும் மந்தமாக்கும். அதனால்தான் போடுவதற்கு முன் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது, பிறகும் வந்து பார்ப்பது. மூச்சு குறைந்தால் மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுவதும், வலி அடங்காவிட்டால் 'இந்த அளவு போதவில்லை' என்று அவரிடம் சொல்வதும் ஒரே கடமைதான்.

மருந்தின் அளவு, வள்ளம் கட்டும் கயிறு மாதிரி: ரொம்ப இறுக்கினால் அலையில் அறும், தளர்த்தினால் வள்ளம் போய்விடும். நீர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், மார்ஃபின் போட்டாலே கடைசிக் கட்டம் என்று பலர் பயப்படுகிறார்கள்; ஆபரேஷன் முடிந்து நாலு நாளில் வீட்டுக்குப் போகிறவருக்கும் அதைக் கொடுப்பதுண்டு.